உமியும் வைக்கோலும் தரச் சான்றும்: டெல்டா பெல்லட் ஆலை ஒன்றின் அனுபவம்

காவிரி டெல்டாவில் பெல்லட், அதாவது வேளாண் கழிவையும் மரத்தூளையும் அழுத்திச் செய்யும் சிறு உருளை எரிபொருள், தயாரிக்க முன்வருகிறவர், இயந்திரத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. நம் பகுதியில் மலிந்து கிடப்பவை நெல் உமியும் வைக்கோலும்தான். உமியை எரித்தால் எடையில் 15 முதல் 20 சதவீதம் வரை சாம்பலாக மிஞ்சும். வைக்கோலும் இதில் உமிக்குச் சளைத்ததல்ல. மரமல்லாத உயிர்ப்பொருள்களிலிருந்து செய்யப்படும் பெல்லட்டுகளுக்கான பன்னாட்டுத் தரமாகிய ஐ.எஸ்.ஓ 17225 வரிசையின் 6-ஆம் பாகமோ, ‘ஏ’ பிரிவில் 6 சதவீதத்துக்கு மேலும் ‘பி’ பிரிவில் 10 சதவீதத்துக்கு மேலும் சாம்பல் இருக்கலாகாது என்கிறது. உமியையோ வைக்கோலையோ தனியாக அழுத்தி எடுத்தால், பெல்லட் எவ்வளவு பளபளப்பாக வந்தாலும், இந்த இரண்டு பிரிவுகளில் எதற்குள்ளும் அது நுழையாது. தானிய வைக்கோலுக்கென்று அதே தரத்தில் தனி அட்டவணை ஒன்று உண்டு என்றாலும், வாங்குபவர்கள் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்பது ‘ஏ’, ‘பி’ அட்டவணையைத்தான். எனவே இங்கே தரச் சான்றைப் பற்றி யோசிக்கிறவர், எதை எதோடு, எந்த விகிதத்தில், வருடம் முழுவதும் மாறாமல் கலக்க முடியும் என்ற கேள்வியிலிருந்துதான் தொடங்கியாக வேண்டும்.

நான் திருவாரூர் மாவட்டத்தில், விவசாயிகள் சிலர் கூட்டாக நடத்தும் சிறிய ஆலை ஒன்றில் தரக் கட்டுப்பாட்டைக் கவனித்து வருகிறேன். அதற்கு முன்னால் ஒரு நவீன அரிசி ஆலையின் பாய்லர் பகுதியில் இருந்தவன் என்பதால், உமி எப்படி எரியும், எதை மிச்சம் வைக்கும் என்பது ஓரளவு பழக்கம். எங்களிடம் வாங்குகிறவர்களில் சாயப்பட்டறை பாய்லர்காரர்கள் உண்டு, பெல்லட் அடுப்புக்கு மாறிய உணவகங்களும் கல்யாண மண்டபங்களும் உண்டு, அனல் மின் நிலையங்களுக்கு எடுத்துக் கொடுக்கும் ஒப்பந்தக்காரர்களும் உண்டு. ‘தரம்’ என்று இவர்கள் ஒவ்வொருவரும் சொல்வது ஒவ்வொன்றாக இருக்கும். உணவகக்காரருக்குப் புகையும் சாம்பல் அள்ளும் வேலையும் குறைய வேண்டும். பாய்லர்காரருக்குக் கட்டி கட்டாமல் எரிய வேண்டும். ஒப்பந்தக்காரருக்கோ தாளில் உள்ள எண் சரியாக இருந்தால் போதும்.

அந்தத் தாளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ‘உங்களிடம் சான்றிதழ் இருக்கிறதா’ என்று கேட்பவர்கள் மூன்று வெவ்வேறு தாள்களை மனத்தில் வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். முதலாவது, ஐ.எஸ்.ஓ 9001. இது நிறுவனத்தின் நிர்வாக முறை ஒழுங்காக இருக்கிறது என்பதற்கான சான்று. பெல்லட்டில் எவ்வளவு சாம்பல், எவ்வளவு குளோரின் என்பதைப் பற்றி இதில் ஒரு வரியும் இராது. இருந்தும், பையில் ‘ஐ.எஸ்.ஓ’ என்ற எழுத்துகளைப் பார்த்ததும் திருப்தியடைந்து போகிறவர்களே அதிகம். இரண்டாவது, ஆய்வக அறிக்கை. என்.ஏ.பி.எல் எனப்படும் தேசிய ஆய்வக அங்கீகார வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் ஐ.எஸ்.ஓ 17025-இன்படி சோதித்துக் கொடுக்கும் அறிக்கைக்கு மதிப்பு உண்டு. ஆனால், இம்முடிவுகள் எங்களுக்கு வந்துசேர்ந்த மாதிரிக்கு மட்டுமே பொருந்தும் என்ற பொருளில் அதன் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். அதைப் படிக்காமல், ஒரு கிலோ மாதிரிக்கான முடிவை வருடம் முழுக்க அனுப்பும் சரக்குக்கெல்லாம் நகலெடுத்து இணைப்பது இத்தொழிலில் சர்வ சாதாரணம். மூன்றாவதுதான் உண்மையான பொருள் சான்று. சம்பந்தமில்லாத மூன்றாம் அமைப்பு ஆலைக்கே வந்து, தானே மாதிரி எடுத்து, உள் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்து, அடுத்த ஆண்டும் வந்து சரிபார்க்கும் முறை அது.

ஐரோப்பாவில் மரத்தூள் பெல்லட்டுக்கு இந்த மூன்றாவது வகை நன்றாக வேரூன்றியிருக்கிறது. 2010-இல் ஜெர்மனியில் தொடங்கிய இ.என்.பிளஸ் திட்டத்தில் ‘ஏ1’ பிரிவுக்குச் சாம்பல் 0.7 சதவீதத்துக்குள்ளும், ‘ஏ2’-க்கு 1.2-க்குள்ளும், ‘பி’-க்கு 2-க்குள்ளும் இருக்க வேண்டும். தயாரிப்பவர் மட்டுமல்லாமல் வணிகரும் சான்று பெற வேண்டும். எங்களிடம் வந்த ஒரு வாடிக்கையாளர், அந்த முத்திரையைப் பையில் அச்சடித்துத் தந்தால் தனக்கு விற்பனை சுலபமாகும் என்று சர்வ சாதாரணமாகக் கேட்டார். அது பதிவு பெற்ற முத்திரை என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். மரத்துக்கு மட்டுமே உரிய அந்தத் திட்டத்தில் உமி கலந்த பெல்லட்டுக்கு இடமே கிடையாது என்பதை அவருக்கு விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. நம்மைப் போல வேளாண் கழிவுகளைக் கலந்து செய்பவர்களுக்கு 17225-6 தான் துணை. அது 2014-இல் வெளிவந்து 2021-இல் திருத்தப்பட்டது. அதே வரிசையின் முதல் பாகம் மூலப்பொருள்களை மரம், புல்வகை, கனிவகை, நீர்வாழ் வகை, கலப்பு என்று பிரிப்பதோடு, வேண்டுமென்றே கலந்ததையும் தெரியாமல் கலந்துபோனதையும் வேறுபடுத்திக் கேட்கிறது. எங்கள் அறிவிப்புப் படிவத்தில் நான் மிகவும் கவனமாக நிரப்பும் இடம் இதுதான். உமி, மரத்தூள், பருத்தி மார் (பருத்திச் செடியின் காய்ந்த தண்டு) என்று விகிதத்தோடு எழுதிவிட்டால், பிறகு அந்த விகிதத்துக்கு நாம் கட்டுப்பட்டவர்களாகிவிடுகிறோம்.

விகிதக் கணக்கை ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன். உமி 40 பங்கு, சவுக்கு மரத்தூள் 40 பங்கு, பருத்தி மார் 20 பங்கு என்று வைத்துக்கொள்வோம். உமியில் 18 சதவீதம், மரத்தூளில் ஒன்றரை சதவீதம், மாரில் 5 சதவீதம் சாம்பல் என்றால், மொத்தக் கலவையில் 7.2, 0.6, 1.0 என்று கூட்டி 8.8 சதவீதம் வரும். ‘பி’ பிரிவின் 10 சதவீத வரம்புக்குள் இது அடங்குகிறது. வெப்ப மதிப்பும் அப்படியே. அந்தத் தரம் கேட்பது கிலோவுக்குக் குறைந்தது 14.5 மெகா ஜூல் நிகர வெப்பம். நமக்குப் பழகிய அளவில் ஏறக்குறைய 3,460 கிலோ கலோரி. தனி உமி இதற்குக் கீழே நின்றுவிடும்; மரத்தூள்தான் அதைத் தூக்கிவிடுகிறது. இந்தக் கலவையில் கோடை முடிவில் பருத்தி மார் தாராளமாகக் கிடைக்கும்; திருவாரூர், நாகை பக்கம் நெல்லுக்குப் பின் பருத்தி போடுகிறவர்கள் அதை வயலிலேயே எரித்துவிடாமல் கொடுத்தால் அவர்களுக்கும் லாபம். சவுக்குத் தூளுக்குக் கடலூர் வரை போக வேண்டியிருக்கும், விலையும் அதிகம். கலவையின் செலவை முடிவு செய்வது அந்த 40 பங்கு மரத்தூள்தான். அதைக் குறைக்கும் ஆசை எல்லாருக்கும் வரும், எங்கள் கூட்டத்திலும் மாதம் தவறாமல் வரும்.

மேலே சொன்ன கணக்கில் உமியின் சாம்பலை 18 என்று எடுத்துக்கொண்டேன். அது 22 ஆனால் என்ன ஆகும் என்று பாருங்கள். கலவையில் 1.6 கூடி 10.4 ஆகிவிடும்; மொத்தச் சரக்கும் பிரிவுக்கு வெளியே போய்விடும். 18 எப்படி 22 ஆகிறது? மண்ணால்தான். கொள்முதல் நிலையத்தில் இடம் கிடைக்காமல் தார்ச் சாலையோரம் நெல்லைக் கொட்டிக் காயவைத்து அள்ளும்போது மணலும் சேர்ந்து வருகிறது. ஆலையில் சுத்தம் செய்யும் சல்லடை தேய்ந்திருந்தால் அது உமியோடு எங்களுக்கு வந்துவிடுகிறது. வைக்கோலிலும் இதே கதைதான். குறுவை அறுவடை பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையோடு மோதிக்கொள்ளும். சேற்று வயலில் அறுவடை இயந்திரம் போட்டுவிட்டுப் போன வைக்கோலைக் கட்டும் இயந்திரம் வாரி உருட்டும்போது, வேரடி மண்ணையும் சேர்த்து உருட்டிக் கட்டிவிடும். அத்தகைய உருளை ஒன்றைப் பிரித்தால் நடுவில் காய்ந்த களிமண் பிளவுபட்டு ஓடு ஓடாகக் கையில் வரும்.

இதற்கு ஆய்வகம் வரை போக வேண்டியதில்லை. வண்டி எடைமேடையிலிருந்து இறங்கியதும், வெவ்வேறு இடங்களிலிருந்து இரண்டு மூன்று கை உமியை அள்ளி ஒரு வெள்ளை பிளாஸ்டிக் வாளியில் போட்டு, தண்ணீர் ஊற்றி நன்றாகக் கலக்கிவிடுவோம். உமி மேலே மிதக்கும். அதைக் கையால் வழித்து எடுத்துவிட்டு, கலங்கல் தெளியும் வரை வைத்தால் அடியில் என்ன படிகிறது என்று கண்ணாலேயே தெரியும். நல்ல உமியில் அடியில் சில நொய்யும் கொஞ்சம் தவிடும் கிடக்கும். கெட்ட உமியில் வாளியின் அடி முழுவதும் பழுப்பு மணல் படர்ந்திருக்கும்; விரலால் ஒதுக்கினால் சரசரவென்று ஒலிக்கும். ஓட்டுநர்கள் இதை வேடிக்கை பார்ப்பார்கள். ஒருவர் மட்டும், ‘அண்ணே, இது உமியா, ஆத்து மணலா, எதுக்குப் பணம் கொடுக்கப் போறீங்க’ என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு, தன் ஆலையிலேயே இதைச் சொல்வதாகச் சொல்லிப் போனார். வாளியில் மணல் தெரிந்தால் அந்த வண்டியை ஒதுக்கி வைத்து, சாம்பல் அளவு பார்த்த பிறகே கலவைக்குள் விடுகிறோம். மணலால் சாம்பல் கூடுவதோடு, தூளைத் துளைகள் வழியே அழுத்திப் பெல்லட்டாக்கும் டையும் ரோலரும் சீக்கிரம் தேய்ந்துவிடும். உமியின் சிலிக்காவே டைக்குப் போதுமான தண்டனை.

வைக்கோலுக்கு இன்னொரு பிரச்சினை, குளோரின். ‘ஏ’ பிரிவில் 0.10 சதவீதமும் ‘பி’ பிரிவில் 0.30 சதவீதமும்தான் வரம்பு. பயிருக்குப் போடும் பொட்டாஷ் உரம் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு என்பதால், அந்தக் குளோரைடின் ஒரு பகுதி வைக்கோலில் தங்கிவிடுகிறது. கடலோரத்தில் உப்பேறிய மண்ணில் விளைந்ததில் இன்னும் கூடும். குளோரின் அதிகமானால் பாய்லர் குழாய்கள் அரிக்கும். இதில் விவசாயிகளுக்கு வியப்பளிக்கும் ஒரு செய்தி உண்டு. அறுத்துப் போட்ட வைக்கோல் வயலில் ஒன்றிரண்டு மழையில் நனைந்து மறுபடி காய்ந்தால், தண்ணீரில் கரையக்கூடிய பொட்டாசியமும் குளோரினும் கணிசமாகக் கழுவிக்கொண்டு போய்விடும். மாட்டுக்கு ஆகாது என்று கழிக்கப்படும் சாம்பல் நிற வைக்கோல் எரிபொருளாக மேலானது. டென்மார்க்கில் வைக்கோலை எரிக்கும் மின் நிலையங்களுக்கு இது பழைய பாடம். நம் ஊரில் சிக்கல் என்னவென்றால், நனைந்தது மறுபடி காய வெயில் வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் அது கிடைக்காது, வைக்கோல் பூத்துப் போய்விடும். ஆகவே குறுவை வைக்கோலை நாங்கள் பெரும்பாலும் வாங்குவதில்லை. சம்பா, தாளடி அறுவடைக்குப் பிறகு தை, மாசியில் வரும் வைக்கோலை வாங்கி, கொட்டகையில் போர் போட்டு வைத்துக்கொண்டு, கலவையில் சிறு பங்காக மட்டும் சேர்க்கிறோம். தென்னை நார்த் தூளைச் சேர்க்கலாமே என்று பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கத்திலிருந்து பலரும் கேட்கிறார்கள். அதிலும் பொட்டாசியமும் உப்பும் அதிகம். கழுவிக் காயவைக்காத தூளை நான் உள்ளே விடுவதில்லை.

மரத்தூள் என்றால் எல்லாம் சுத்தம் என்று நினைத்துவிடக் கூடாது. சான்றுக்கான சோதனையில் எங்களைத் திடுக்கிட வைத்தது நைட்ரஜன் எண். ‘பி’ பிரிவில் அது 2.0 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். உமியிலும் சவுக்கிலும் அவ்வளவு இருக்க வழியே இல்லை. இருந்தும் ஓர் அறிக்கையில் வரம்பைத் தாண்டி வந்தது. மூட்டை மூட்டையாகப் பிரித்துப் பார்த்தபோது, மரத்தூள் வியாபாரி அனுப்பியதில் தச்சுப் பட்டறைத் தூள் கலந்திருந்தது. பிளைவுட்டையும் பார்ட்டிகிள் போர்டையும் அறுத்த தூள் அது. பலகைகளை ஒட்டும் யூரியா ஃபார்மால்டிஹைடு பசையிலிருந்துதான் அந்த நைட்ரஜன் வந்திருந்தது. பசைத் தூளைக் கையில் எடுத்துத் தேய்த்தால் மாவுபோல் மிக நைசாக இருக்கும், மூக்கில் காரமான நெடி ஏறும். சவுக்குத் தூள் நார் நாராக இருக்கும், மர வாசனை வரும். வண்ணம் பூசிய மரமும், மருந்து ஏற்றிய மரமும் இதைவிட மோசம். கன உலோகங்கள் சாம்பலில் வந்துவிடும். இப்போது மரத்தூள் வியாபாரியிடம், எந்த மரம், எந்த அறுவை ஆலை என்று ஒவ்வொரு நடைக்கும் எழுதி வாங்கிக்கொள்கிறோம். சான்று கொடுக்க வருகிற ஆய்வாளர் முதலில் கேட்பதும் இந்தக் கோப்பைத்தான். பெல்லட்டை அவர் அப்புறம்தான் பார்க்கிறார்.

இனி ஆய்வக எண்களைப் படிக்கும் விதம். இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், ஏமாற்றவும்படுகிறார்கள். உயிர்ப்பொருளின் சாம்பலை ஐ.எஸ்.ஓ 18122 முறைப்படி 550 டிகிரி செல்சியஸில் சுட்டு அளக்க வேண்டும். நிலக்கரிக்கோ 815 டிகிரி. நம் பகுதி ஆய்வகங்களில் பல நிலக்கரிக்காகவே ஏற்பட்டவை. தனியாகக் குறிப்பிட்டுக் கேட்காவிட்டால் பெல்லட்டையும் அதே 815 டிகிரியில் வைத்துவிடுவார்கள். அவ்வளவு சூட்டில் கார்பனேட்டுகள் சிதைந்தும், பொட்டாசியம் குளோரைடு போன்றவை ஆவியாகியும் போவதால் சாம்பல் எண் குறைவாக வரும். எங்கள் 550 டிகிரி அறிக்கையையும் இன்னோர் ஆலையின் 815 டிகிரி அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஒரு வாடிக்கையாளர், எங்கள் சரக்கு மட்டம் என்று முடிவு கட்டியிருந்தார். முறையின் எண்ணை அறிக்கையில் பார்க்காதவருக்கு அப்படித்தான் தோன்றும்.

அதேபோல, எந்த அடிப்படையில் சொல்லப்பட்ட எண் என்பதும் முக்கியம். உலர் நிலையில் 9 சதவீதச் சாம்பல் என்பது, 12 சதவீத ஈரத்தோடு வாங்கிய நிலையில் 7.9 ஆகிவிடும். வெப்ப மதிப்பில் மொத்தம், நிகரம் என்று இரண்டு உண்டு. எரியும்போது உண்டாகும் நீராவி கொண்டுபோகும் வெப்பத்தைக் கழித்தால் வருவது நிகரம். நம் பெல்லட் போன்ற பொருளில் இரண்டுக்கும் இடையே கிலோவுக்கு ஏறக்குறைய 300 கிலோ கலோரி வித்தியாசம் வரும். பன்னாட்டுத் தரம் கேட்பது நிகரத்தை; நம் நாட்டு ஒப்பந்தங்களில் பெரும்பாலும் மொத்தத்தைத்தான் எழுதுகிறார்கள். உலர் நிலை மொத்த மதிப்பைப் பெரிதாக அச்சடித்து விற்கிறவரிடம், வாங்கிய நிலை நிகர மதிப்பு என்ன என்று கேட்டுப் பாருங்கள்; பதில் வரவே நேரமாகும்.

மாதிரி எடுக்கும் இடத்தில்தான் மிகப் பெரிய தகராறு வந்தது. வெளியூர் வாடிக்கையாளர் ஒருவர், தூள் அதிகம் என்று ஒரு வண்டிச் சரக்கைத் திருப்பி அனுப்பத் தயாராகிவிட்டார். 3.15 மில்லிமீட்டர் சல்லடையில் விழுவதுதான் தூள் என்று கணக்கு; ‘பி’ பிரிவில் 3 சதவீதம் வரை இருக்கலாம். நான் நேரில் போனபோது, அவர்களுடைய ஆள் சரக்கு இறக்கி முடிந்த பிறகு வண்டித் தரையைப் பெருக்கி எடுத்ததை மாதிரி என்று பையில் போட்டு வைத்திருந்தார். ‘சார், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் குலுங்கி வந்த வண்டியில் தூள் எல்லாம் அடியில்தானே இறங்கும், இது மாதிரி ஆகுமா’ என்று கேட்டேன். ‘தம்பி, எனக்குக் கைக்கு எட்டினதைத்தான் நான் எடுக்க முடியும், மேலே ஏறச் சொல்லி யாரும் சொல்லலை’ என்றார் அவர். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதன் பிறகு ஐ.எஸ்.ஓ 18135 சொல்கிறபடி, சரக்கு கொட்டும்போது விழுகிற ஓட்டத்தின் குறுக்கே, இடைவெளி விட்டு விட்டுப் பலமுறை அள்ளி, எல்லாவற்றையும் ஒன்றாகக் குவித்து, குவியலைத் தட்டி நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளைச் சேர்த்துக் குறைத்துக்கொண்டு வருவது என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டோம். கடைசியில் வரும் மாதிரியை மூன்று பைகளில் முத்திரையிட்டு, ஒன்று அவர்களுக்கு, ஒன்று எங்களுக்கு, மூன்றாவது இருவர் கையெழுத்தோடு தனியாக. அந்த மூன்றாவது பையை உடைக்கும் தேவை அரிதாகவே வந்திருக்கிறது. அது இருக்கிறது என்பதே பேச்சைத் தணித்துவிடுகிறது.

ஆலைக்குள் ஒவ்வொரு ஷிஃப்டிலும் நாங்களே பார்ப்பவை ஈரம், குறிப்பிட்ட கன அளவில் அடங்கும் எடையாகிய பருமன் அடர்த்தி, தூள், உறுதி ஆகியவை. உறுதி என்பது பெல்லட் உடையாமல் தாங்கும் தன்மை. இதற்கான கருவி வாங்க வேண்டுமென்றால் பெரும் செலவு, ஆனால் ஐ.எஸ்.ஓ 17831-1 அதன் அளவுகளை வெளிப்படையாகவே கொடுத்திருக்கிறது. உள்ளளவு 300-க்கு 300-க்கு 125 மில்லிமீட்டர் கொண்ட பெட்டி, உள்ளே மூலைவிட்டமாக 230-க்கு 50 மில்லிமீட்டரில் ஒரு தடுப்புத் தகடு. மன்னார்குடியில் ஒரு லேத் பட்டறைக்காரர் இதைத் தகட்டில் செய்து, கியர் மோட்டாரில் பொருத்திக் கொடுத்தார். சலித்த பெல்லட் 500 கிராமைப் போட்டு நிமிடத்துக்கு 50 சுற்று வீதம் 500 சுற்று ஓட்டி, மறுபடி 3.15 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து, மேலே நிற்பதை எடை போட வேண்டும். 480 கிராம் நின்றால் 96 சதவீதம். எங்கள் பெட்டியின் எண்ணும் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று அவ்வப்போது ஒரே மாதிரியை இரு இடத்திலும் ஓட்டிப் பார்த்துக்கொள்கிறோம். டை தேயத் தொடங்கியதை இந்தப் பெட்டி ஆபரேட்டருக்கு முன்னாலேயே சொல்லிவிடும்.

ஈரத்துக்கு, கொள்முதல் நிலையத்தில் பார்க்கிற அதே மீட்டரைப் பயன்படுத்தலாமே என்று எல்லாரும் கேட்பார்கள். 17 சதவீதத்துக்கும் 18 சதவீதத்துக்கும் நடுவில் நடக்கும் வாக்குவாதத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அந்த மீட்டர் மேல் ஒரு பயமும் மரியாதையும் இருக்கத்தான் செய்யும். அது நெல்மணிக்காகச் சரிசெய்யப்பட்டது. பெல்லட்டுக்குப் பொய் சொல்லும். 105 டிகிரி அடுப்பில் எடை மாறாமல் நிற்கும் வரை காயவைத்து எடை போடுவதுதான் முறை. நேரம் பிடிக்கும், ஆனால் மழைக்காலத்தில் உள் உறை இல்லாத பையில் கட்டிய பெல்லட், ஆலையை விட்டுப் போகும்போது இருந்த ஈரத்தோடு வாடிக்கையாளரிடம் போய்ச் சேராது என்பதை இந்த அடுப்புதான் காட்டிக்கொடுத்தது. கார்த்திகை மாதச் சரக்குக்கு இப்போது உள் உறை கட்டாயம்.

பாய்லரில் கட்டி கட்டுவதைப் பற்றி, தரத்தின் ‘ஏ’, ‘பி’ எண்களை மட்டும் பார்ப்பவருக்கு முன்கூட்டியே தெரியாது. உமியில் சாம்பல் அதிகம் என்றாலும் பொட்டாசியம் குறைவு. அதன் சாம்பல் எளிதில் உருகாது. வைக்கோலில் சிலிக்காவும் பொட்டாசியமும் சேர்ந்திருப்பதால், தாழ்ந்த வெப்பத்திலேயே உருகிக் கண்ணாடிபோல் இறுகி, எரிபொருளைத் தாங்கும் கம்பித் தட்டான கிரேட்டில் ஒட்டிக்கொள்ளும். இரண்டுக்கும் சாம்பல் எண் ஒன்றுபோல் இருந்தாலும் பாய்லர்காரர் அனுபவிப்பது வேறு வேறு. சாம்பல் உருகும் வெப்பநிலையைத் தனிச் சோதனையாகக் கேட்டு வாங்க வேண்டும். இதற்கு மாற்றாக, பீங்கான் தொழிலில் பயன்படும் கயோலின் களிமண்ணைச் சிறிதளவு சேர்த்தால், அது பொட்டாசியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உருகுநிலையை உயர்த்தும். விருத்தாசலம் பக்கத்தில் பீங்கான்காரர்களிடம் விசாரித்தால் கிடைக்கிற பொருள்தான். ஆனால் மேலே போட்ட கணக்குக்குத் திரும்ப வேண்டும். 2 சதவீதம் கயோலின் சேர்த்தால் சாம்பலில் ஏறக்குறைய 1.5 கூடும், 8.8 என்பது 10.3 ஆகி ‘பி’ பிரிவு கைநழுவிப் போகும். சேர்த்த பொருளின் பெயரையும் அளவையும் அறிவிக்க வேண்டும் என்பதும் விதி. ஆகவே வைக்கோலையே குறைத்துவிட்டு, கயோலினைத் தவிர்ப்பதுதான் எங்களுக்குக் கட்டுப்படியாயிற்று. வைக்கோல் மட்டுமே கிடைக்கும் இடத்தில் ஆலை வைத்தவர் வேறு முடிவுக்கு வரக்கூடும்.

அனல் மின் நிலையச் சந்தை வேறு விதம். மத்திய மின்துறை அமைச்சகம் 2021 அக்டோபரில் வெளியிட்ட கொள்கையும் 2023-இல் செய்த திருத்தமும், நிலக்கரியோடு உயிர்ப்பொருள் பெல்லட்டை 2024-25-இல் 5 சதவீதமும் 2025-26 முதல் 7 சதவீதமும் சேர்த்து எரிக்க வேண்டும் என்று வகுத்தன. அதனால் கேட்பு பெரிது. ஆனால் அங்கே 17225-இன் பிரிவைக் காட்டி விற்க முடியாது. ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் ஈரம், வெப்ப மதிப்பு, தூள் ஆகியவற்றுக்கு அவர்களுடைய எண்களே ஆட்சி செய்யும். வெப்ப மதிப்பு குறைந்தால் விலையும் குறையும். சிறிய ஆலை இடைத்தரகர் மூலம்தான் அங்கே போக முடிகிறது. பணம் கைக்கு வரத் தாமதமாகும். உள்ளூர் உணவகத்துக்கு விற்கும் ஒரு டன் எங்களுக்கு அதைவிட நிம்மதி.

எந்தச் சோதனைக்கு எவ்வளவு செலவு செய்யலாம் என்று புதிதாகத் தொடங்குகிறவர்கள் கேட்கிறார்கள். ஈரம், தூள், உறுதி, அடர்த்தி நான்கையும் ஆலையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். சாம்பலும் வெப்ப மதிப்பும் கலவை மாறும் ஒவ்வொரு பருவத்திலும் வெளி ஆய்வகத்தில் பார்க்க வேண்டியவை; 550 டிகிரி என்று எழுதிக் கொடுத்தே பார்க்க வேண்டும். குளோரின், கந்தகம், நைட்ரஜன் சோதனைகளை மூலப்பொருள் வரும் இடம் மாறும்போது கட்டாயம் செய்ய வேண்டும். பொருள் வரும் இடம் மாறாதவரை அடிக்கடி தேவையில்லை. சாம்பல் உருகும் சோதனை, வைக்கோலோ நார்த் தூளோ கலவைக்குள் வந்தால் மட்டும்.

ஒப்பந்தத்தில் நாங்கள் இப்போது விடாமல் எழுதிக்கொள்ளும் வரிகள் சில உண்டு. ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் அதை அளக்கும் முறையின் எண், வாங்கிய நிலையா உலர் நிலையா, வெப்பம் மொத்தமா நிகரமா, மாதிரி எடுக்கும் இடம் எங்கள் எடைமேடையா அவர்கள் முற்றமா, இருவர் எண்ணும் ஒத்துவராவிட்டால் மூன்றாவது பையைத் திறக்கும் ஆய்வகம் எது என்பவை அவை. அந்த ஆய்வகத்தின் கட்டணத்தை, யாருடைய எண் அதிலிருந்து அதிகம் விலகியிருக்கிறதோ அவர் கொடுக்க வேண்டும் என்று கடைசி வரி; இதில் கையெழுத்திட மறுக்கிறவரோடு நாங்கள் நீண்டகால ஒப்பந்தம் செய்துகொள்வதில்லை, ஒவ்வொரு வண்டியாகப் பணம் வாங்கிக்கொண்டு அனுப்புகிறோம்.